விலான் ட்ரங்க் பழுதுகள்: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்ப்பது

இரண்டு சுவிட்சிலும் லைட் பச்சையாக எரிகிறது, கேபிளை டெஸ்டரில் போட்டால் எட்டு வயரும் சரி, ஆனால் ஒரு பக்கத்து ஆட்களுக்கு ஒன்றுமே வேலை செய்யவில்லை. உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்துத் தங்குமிடங்களிலும் திருகோணமலை டவுனில் சில அலுவலகங்களிலும் நான் பார்த்த விலான் பழுதுகள் அநேகமாக இப்படித்தான் தொடங்கின. விலான் என்றால் ஒரே சுவிட்சுக்குள் எண் கொடுத்துப் பிரித்த தனித்தனி வலையமைப்பு, ட்ரங்க் என்றால் பல விலான்களை ஒரே வயரில் கொண்டுபோகும் இணைப்பு. இந்த நேரத்தில் எல்லோருடைய கையும் முதலில் போவது ரீசெட் பட்டனுக்கு. தயவுசெய்து அதைத் தொட வேண்டாம், ஏனென்றால் ட்ரங்க் பழுது என்பது பெரும்பாலும் ஒரே வயரின் இரண்டு முனைகளும் வேறு வேறு கதை சொல்வதுதான், ரீசெட் பண்ணினால் அந்த இரண்டு கதையில் ஒன்று அழிந்துபோகும், பிறகு எது பிழை என்று கண்டுபிடிக்கவே வழியில்லை.

டேக் என்றால் என்ன என்று முதலில் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். அது மனதில் பதிந்தால் கீழே வருகிற அறிகுறிகளில் பாதியை நீங்களே ஊகித்துவிடுவீர்கள்.

கரையிலிருந்து மீன் ஏற்றும் கூலர் லொறியை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு சம்மாட்டிமாரின் பெட்டிகள் ஒரே லொறியில்தான் போகின்றன. ஏற்றும்போது ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சீட்டு ஒட்டுவார்கள், போய் இறக்கும் இடத்தில் சீட்டைப் பார்த்து உரியவரிடம் கொடுத்துவிட்டுக் கிழித்துவிடுவார்கள். மீன் வாங்குகிறவர் அந்தச் சீட்டைக் காண்பதே இல்லை. அந்த லொறிதான் ட்ரங்க், சீட்டுத்தான் டேக், மீன் வாங்குகிறவர்தான் உங்கள் கம்பியூட்டர். கம்பியூட்டர் செருகியிருக்கும் அக்சஸ் போர்ட்டில் டேக் இருக்காது. சுவிட்சிலிருந்து சுவிட்சுக்குப் போவது போன்ற ட்ரங்க் வழியில் மட்டும் இருக்கும்.

உள்ளே நடப்பது இது. வயரில் தரவு ஃபிரேம் என்ற சிறு பொட்டலங்களாகப் போகிறது. சாதாரண ஈதர்நெட் ஃபிரேமில் பெறுகிறவரின் மேக் முகவரி (நெட்வேர்க் கார்டின் சொந்த எண்) 6 பைட், அனுப்புகிறவரின் மேக் முகவரி 6 பைட், அதற்குப் பிறகு உள்ளே என்ன வகைச் சரக்கு என்று சொல்லும் 2 பைட் இருக்கும். 1998ல் வந்த 802.1கியூ தரம் அனுப்புகிறவரின் முகவரிக்கும் அந்த 2 பைட்டுக்கும் நடுவில் 4 பைட் டேக் ஒன்றைச் செருகுகிறது. டேக்கின் முதல் 2 பைட் எப்போதும் பதினறும எண்ணில் 8100, அதாவது 'அடுத்து வருவது டேக்' என்ற அறிவிப்பு. மீதி 16 பிட்டில் 3 பிட் முன்னுரிமைக்கு, 1 பிட் நெரிசல் வந்தால் இதைக் கைவிடலாமா என்பதற்கு, 12 பிட் விலான் எண்ணுக்கு. 12 பிட் என்றால் 4096 எண்கள், 0ம் 4095ம் ஒதுக்கப்பட்டவை, ஆகவே நீங்கள் பாவிக்கக்கூடியது 1 முதல் 4094 வரை. ஃபிரேம் மாறிவிட்டதால் கடைசியில் இருக்கும் 4 பைட் சரிபார்ப்புத் தொகையையும் சுவிட்ச் புதிதாகக் கணக்கிட்டுப் போடும். 1518 பைட்டாக இருந்த பெரிய ஃபிரேம் இப்போது 1522. இந்த 4 பைட்டை மறந்துவிடாதீர்கள், பின்னால் ஒரு பழுது முழுக்க இதைச் சுற்றியே வருகிறது.

இனி, எந்த அறிகுறியாக இருந்தாலும் வயரின் இரண்டு பக்கமும் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இந்த முனை டேக் போட்டு அனுப்புகிறதா? டேக் இல்லாமல் ஒரு ஃபிரேம் வந்தால் அதை எந்த விலானில் சேர்க்கிறது? எந்தெந்த விலான்களை வழிவிடுகிறது? இரண்டு பக்கப் பதிலையும் ஒரு பேப்பரில் பக்கத்துப் பக்கத்தில் எழுதுங்கள். இதைச் சின்ன வேலை என்று நினைத்து மனதில் வைத்துக்கொண்டு ஓடுகிறவர்கள்தான் அரை நாளை இழக்கிறார்கள்.

அப்புறம் ஒரு கருவி: மேக் முகவரி அட்டவணை, அதாவது எந்த மேக் முகவரியை எந்தப் போர்ட்டில், எந்த விலானில் கண்டது என்று சுவிட்ச் வைத்திருக்கும் பட்டியல். வேலை செய்யாத கம்பியூட்டரின் மேக் முகவரியைக் குறித்துக்கொண்டு, அது செருகியிருக்கும் சுவிட்சில் தொடங்கி ரவுட்டர் வரைக்கும் ஒவ்வொரு சுவிட்சிலும் தேடுங்கள். சிஸ்கோவில் 'ஷோ மேக் அட்ரஸ்-டேபிள்'. எந்த சுவிட்ச் வரை சரியான விலான் எண்ணோடு தெரிகிறதோ அதுவரை வழி சரி. தெரியாமல் போகும் இடத்துக்கும் அதற்கு முந்திய இடத்துக்கும் நடுவில் உள்ள வயரில்தான் பழுது. வேறு விலான் எண்ணோடு தெரிந்தால் இன்னும் நல்லது, பழுதின் பெயரே தெரிந்துவிட்டது.

ஒன்றைத் தவிர வேறு எந்த விலானும் போகவில்லை

புதிதாக இரண்டு சுவிட்சை இணைத்தவுடன் வருவது இது. விலான் 1ல் இருப்பவர்களுக்கு எல்லாம் சரி, மற்றவர்களுக்கு 169.254 என்று தொடங்கும் முகவரி, அதாவது முகவரி கொடுக்கும் டிஎச்சிபி சேர்வரிடமிருந்து பதிலே வராததால் விண்டோஸ் தானாகப் போட்டுக்கொண்ட முகவரி. ட்ரங்க் உருவாகவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சிஸ்கோ சுவிட்சுகளில் இரண்டு முனையும் தாங்களே பேசி முடிவெடுக்கும் டிடிபி என்ற ஏற்பாடு உண்டு. இரண்டு பக்கமும் 'டைனமிக் ஓட்டோ' என்று இருந்தால் இருவருமே 'நீ கேட்டால் நான் சம்மதிக்கிறேன்' என்று காத்திருப்பார்கள், ஒருவரும் கேட்க மாட்டார்கள், போர்ட் சாதாரண அக்சஸ் போர்ட்டாகவே நின்றுவிடும். இரண்டு சுவிட்சிலும் விடிபி (விலான் பட்டியலைச் சுவிட்சுகளுக்குள் பகிரும் சிஸ்கோ முறை) டொமைன் பெயர் வேறாக இருந்தாலும் இந்தப் பேச்சு முறிந்துவிடும். 'ஷோ இன்டர்ஃபேசஸ் ட்ரங்க்' அடித்துப் பாருங்கள், அந்தப் போர்ட் பட்டியலில் இல்லையென்றால் ட்ரங்க் இல்லை. இரண்டு பக்கமும் 'சுவிட்ச்போர்ட் மோட் ட்ரங்க்' என்று கையால் போட்டு, 'சுவிட்ச்போர்ட் நோநெகோஷியேட்' கொடுத்துப் பேச்சையும் நிறுத்திவிடுங்கள். தானாகப் பேசி முடிவெடுக்கும் வசதியை ஒரு இடத்திலும் விட்டுவைக்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. உங்கள் சுவர் சொக்கெட்டில் யாரோ செருகும் மடிக்கணினியோடும் அது பேசத் தயாராகவே இருக்கும்.

ஒரு விலான் மட்டும் அக்கரைக்குப் போகவில்லை

ட்ரங்க் இருக்கிறது, மூன்று விலான் போகிறது, நாலாவது போகவில்லை. இரண்டே இடம். வழிவிடும் பட்டியலில் அந்த எண் ஒரு பக்கம் இல்லை. அல்லது நடுவில் உள்ள சுவிட்சில் அந்த விலானே உருவாக்கப்படவில்லை. இரண்டாவதைத்தான் ஆட்கள் தவறவிடுகிறார்கள். முதல் சுவிட்சிலும் மூன்றாவதிலும் விலான் 30 இருக்கும், நடுச் சுவிட்சில் அந்த விலானில் ஒரு கம்பியூட்டரும் இல்லாததால் யாரும் உருவாக்கியிருக்க மாட்டார்கள். ட்ரங்கில் அனுமதி இருந்தாலும் தன்னிடம் இல்லாத விலானின் ஃபிரேமை அந்தச் சுவிட்ச் கடத்தாது. 'ஷோ விலான் பிரீஃப்' என்று நடுச் சுவிட்சில் பாருங்கள்.

நேற்றுவரை ஓடிய எல்லாமே ஒரு கட்டளையோடு நின்றுபோனது

நிலாவெளியில் ஒரு தங்குமிடத்துக்குக் கமரா விலான் 40 புதிதாகச் சேர்த்துக்கொண்டிருந்தேன். மே மாதம், சீசன் தொடங்கி அறைகள் நிறைந்திருந்த நேரம். கட்டளையை அடித்து ஒரு நிமிடம் ஆகவில்லை, முன்னால் இருந்த மனேஜர் ஓடி வந்தார்.

"தம்பி, ரிசெப்ஷன் நிண்டு போச்சு, மேல அறையளுக்கும் வைஃபை இல்லையாம். நீங்க என்னத்தையும் கழட்டினீங்களா?"

"இல்லை ஐயா, ஒரு வயரையும் தொடயில்லை. ரெண்டு நிமிஷம் தாங்கோ."

நான் அடித்தது 'சுவிட்ச்போர்ட் ட்ரங்க் அலவ்ட் விலான் 40'. அது பட்டியலில் 40ஐச் சேர்ப்பதில்லை, பட்டியலையே தூக்கிவிட்டு 40ஐ மட்டும் வைக்கிறது. அடித்திருக்க வேண்டியது 'அலவ்ட் விலான் ஆட் 40'. அந்த ஒரு 'ஆட்' இல்லாததால் 10, 20, 30 மூன்றும் அந்த நொடியே நின்றன. சுவிட்சில் நேரே செருகிய கொன்சோல் கேபிளில் உட்கார்ந்திருந்ததால் உடனே திருப்பிப் போட முடிந்தது. அந்த ட்ரங்க் வழியாகவே தூரத்திலிருந்து உள்நுழைந்து அடித்திருந்தால், நீங்கள் நிற்கும் கிளையை நீங்களே வெட்டின கதைதான், வண்டியை எடுத்துக்கொண்டு நேரில் போக வேண்டும். அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்: தூரத்திலிருந்து ட்ரங்கைத் தொடும் முன் 'ரீலோட் இன் 10' அடித்துவிடுவேன், மாற்றத்தைச் சேமிக்காமல் வேலை செய்வேன். கை தவறினால் பத்து நிமிடத்தில் சுவிட்ச் தானாக எழுந்து பழைய கொன்ஃபிக்கோடு நிற்கும். எல்லாம் சரியென்றால் 'ரீலோட் கேன்சல்', பிறகு சேமிப்பு.

வேறு வலையமைப்பின் முகவரி கிடைக்கிறது

எனக்கு அதிகம் வேலை கொடுத்த பழுது இதுதான், ஆகவே கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். கணக்குப் பகுதி விலான் 10, அதற்கு 192.168.10 வரிசை. ஆனால் பின் கட்டிடத்தில் உள்ள கணக்குக் கம்பியூட்டருக்கு 192.168.1 வரிசையில் முகவரி கிடைக்கிறது. இன்டர்நெட் வேலை செய்கிறது, அதனால் யாரும் முறையிடவில்லை. பிரின்டர் கிடைக்கவில்லை என்ற பிறகுதான் கூப்பிட்டார்கள்.

இதன் பெயர் நேட்டிவ் விலான் பொருந்தாமை. ட்ரங்கில் ஒரு விலான் மட்டும் டேக் இல்லாமல் போகும், அதுதான் நேட்டிவ், வேறு ஒன்றும் சொல்லாவிட்டால் விலான் 1. திரும்ப லொறிக்கு வாருங்கள். ஏற்றுகிற இடத்தில் 'சீட்டில்லாத பெட்டி பெரியவருடையது' என்று ஒரு ஏற்பாடு, இறக்குகிற இடத்தில் 'சீட்டில்லாத பெட்டி மருமகனுடையது' என்று ஒரு ஏற்பாடு. லொறி ஒழுங்காகத்தான் ஓடுகிறது, பெட்டி ஒன்றும் தொலையவில்லை, ஆனால் பெரியவரின் மீன் ஒவ்வொரு நாளும் மருமகன் வீட்டில் இறங்குகிறது.

அந்த இடத்தில் முன் சுவிட்சில் நேட்டிவ் 1, பின் சுவிட்சில் நேட்டிவ் 10. பின் கட்டிடக் கம்பியூட்டர் முகவரி கேட்டு அனுப்பும் ஃபிரேம் விலான் 10க்கு உரியது, அந்தச் சுவிட்சுக்கு 10தான் நேட்டிவ் என்பதால் டேக் போடாமல் அனுப்புகிறது. முன் சுவிட்ச் டேக் இல்லாததை விலான் 1ல் போடுகிறது. விலான் 1ன் டிஎச்சிபி சேர்வர் மகிழ்ச்சியாகப் பதில் கொடுக்கிறது, பதிலும் டேக் இல்லாமல் வந்து பின் பக்கம் 10ல் இறங்குகிறது. முழுமையாக வேலை செய்யும் ஒரு தப்பான வழி! இதோடு சேர்ந்து பின் சுவிட்சின் நிர்வாக முகவரிக்கும் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சிறு சோதனை) போகாது, ஏனென்றால் அது விலான் 1ல் இருக்கிறது, அதற்கு வரும் பதில்கள் எல்லாம் 10க்குள் போய் விழுகின்றன. இந்த இரண்டு அறிகுறியும் ஒன்றாக வந்தால் வேறு எதையும் பார்க்காமல் நேட்டிவ் எண்ணைப் பாருங்கள்.

இரண்டு பக்கமும் சிஸ்கோ என்றால் சிடிபி (பக்கத்தில் எந்தச் சாதனம் என்று அறியும் சிஸ்கோ முறை) 'நேட்டிவ் விலான் மிஸ்மாட்ச்' என்று லொக்கில் எழுதிக்கொண்டே இருக்கும், சுற்று வழி உருவாகாமல் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீயும் அந்த விலான்களை அந்தப் போர்ட்டில் அடைத்துவிடக்கூடும், அதனால் பழுது சீக்கிரம் வெளியே வரும். ஒரு பக்கம் வேறு பிராண்ட் என்றால் இந்த எச்சரிக்கை கிடைக்காது, மாதக்கணக்கில் இப்படியே ஓடும். நான் இப்போது செய்வது, யாருமே பாவிக்காத ஒரு எண்ணை, 999 என்று வையுங்கள், இரண்டு பக்கமும் நேட்டிவாகப் போட்டு, ஆட்கள் இருக்கும் எல்லா விலானையும் டேக்கோடு மட்டும் அனுப்புவது. பாதுகாப்புக்கும் இது தேவை: நேட்டிவ் விலானில் இருக்கும் ஒருவர் ஃபிரேமில் இரண்டு டேக் போட்டு அனுப்பினால், முதல் சுவிட்ச் வெளி டேக்கைக் கழற்றிவிட, அடுத்த சுவிட்ச் உள் டேக்கைப் பார்த்து அவருக்கு உரிமையில்லாத விலானுக்குள் அதை விட்டுவிடும்.

வருவது வருகிறது, போவது போகவில்லை

உலாவியில் திறந்து அமைக்கும் சிறிய சுவிட்சுகளில் இது அடிக்கடி. அவற்றில் ஒரு போர்ட்டுக்கு இரண்டு இடத்தில் எண் போட வேண்டும். எந்த விலானின் ஃபிரேமை டேக் இல்லாமல் வெளியே விடுவது என்பது ஒரு பக்கத்தில். உள்ளே வரும் டேக் இல்லாத ஃபிரேமை எந்த விலானில் சேர்ப்பது என்ற பிவிஐடி இன்னொரு பக்கத்தில். முதலாவதில் 20 போட்டுவிட்டு இரண்டாவதை 1 என்றே விட்டால், விலான் 20ன் ஃபிரேம்கள் கம்பியூட்டருக்கு வந்து சேரும், கம்பியூட்டர் அனுப்புவது மட்டும் விலான் 1ல் விழும். ஃபிரேம்களைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கில் மற்ற கம்பியூட்டர்களின் ஏஆர்பி கேள்விகள் ('இந்த முகவரி யாருடையது?') அழகாக வந்துகொண்டிருக்கும், உங்கள் கேள்விக்கு மட்டும் பதில் இராது. பிவிஐடியையும் 20 ஆக்கி, அந்தப் போர்ட்டை விலான் 1லிருந்து எடுத்துவிடுங்கள்.

வயர்ஷார்க் என்று சொன்னதால் இதையும் சொல்ல வேண்டும்: விண்டோஸில் பிடித்துப் பார்த்து 'டேக்கே வரவில்லை' என்று முடிவெடுக்காதீர்கள். பல நெட்வேர்க் கார்டு டிரைவர்கள் டேக்கைக் கழற்றிவிட்டுத்தான் மேலே கொடுக்கின்றன. ஒரு லினக்ஸ் மடிக்கணினியில் அதே வேலை செய்யும் டிசிபிடம்ப்பை மைனஸ் ஈ தெரிவோடு ஓடவிட்டால் விலான் எண் வரியிலேயே தெரியும்.

பிங் போகிறது, பக்கம் திறக்கவில்லை

உப்புவெளியில் கடற்கரைப் பக்கம் ஒரு கட்டிடம், ரோட்டுப் பக்கம் ஒரு கட்டிடம், நடுவில் வயர்லெஸ் பிரிட்ஜ். பிங் ஒன்றுகூடத் தவறவில்லை. சில இணையப் பக்கங்கள் திறந்தன, சில பாதியில் நின்றன, ஃபைல் கொப்பி பண்ணினால் தொடங்கின இடத்திலேயே நின்றது. மாரி தொடங்கியிருந்த கார்த்திகை மாதம் என்பதால் எல்லோரும் மழையையும் வாடைக் காற்றையும்தான் குற்றம் சொன்னார்கள், அன்ரனாவைக்கூடத் திருப்பிக் கட்டினார்கள்.

சாதாரண பிங் சின்னது. பெரியதாக அனுப்பிப் பார்க்க வேண்டும். விண்டோஸில் பிங்கோடு மைனஸ் எஃப் போட்டால் துண்டாக்காமல் அனுப்பும், மைனஸ் எல் போட்டு அளவைக் கொடுக்கலாம். 1472 கொடுத்தேன், போகவில்லை. 1468 கொடுத்தேன், போனது. 1469 போகவில்லை. கணக்கைப் பாருங்கள்: 1472ஓடு ஐசிஎம்பி தலைப்பு 8, ஐபி தலைப்பு 20 சேர்ந்தால் 1500, ஈதர்நெட்டின் 18 சேர்ந்தால் 1518, டேக்கின் 4 சேர்ந்தால் 1522. 1468 என்றால் டேக்கோடு சரியாக 1518. நடுவில் எதுவோ 1518க்கு மேல் ஒரு பைட்டும் விடமாட்டேன் என்று நிற்கிறது. அது அந்தப் பிரிட்ஜ்தான். அதன் எம்டியு (கடத்தும் ஆகப் பெரிய அளவு) அமைப்பைக் கூட்டியதும் அன்றே முடிந்தது. மழைக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

இந்தச் சோதனையை அதே விலானில் உள்ள கேட்வேக்கு (வெளியே போகும் வாசலான ரவுட்டருக்கு) செய்யுங்கள், வெளி இன்டர்நெட்டுக்குச் செய்யாதீர்கள். இன்டர்நெட் கொம்பனி பிபிபிஓஈ முறையில் தரும் இணைப்பு என்றால் அது தனியாக 8 பைட் எடுத்துக்கொள்ளும், 1464க்கு மேல் போகாமல் நின்று உங்களைக் குழப்பிவிடும். பழைய மீடியா கொன்வேர்ட்டர்களிலும் (செம்பு வயரையும் ஃபைபரையும் இணைக்கும் பெட்டி), நடுவில் யாரோ செருகிவிட்டுப் போன சாதாரண சுவிட்சிலும் இதே 4 பைட் பிரச்சினை வரலாம். அநேக சாதாரண சுவிட்சுகள் டேக்கைப் பற்றி ஒன்றும் தெரியாமலே ஃபிரேமை அப்படியே கடத்திவிடும், ஆனால் விலான் பிரிவு அவற்றுக்குத் தெரியாததால் எல்லா விலானின் பிரோட்காஸ்டும் (எல்லோருக்கும் என்று அனுப்பும் ஃபிரேம்) அதன் எல்லாப் போர்ட்டிலும் கொட்டும். ட்ரங்கின் நடுவில் அப்படி ஒன்றைக் கண்டால் வேலை செய்தாலும் எடுத்துவிடுங்கள்.

இரண்டு பிராண்ட், ஒரே சொல், இரண்டு அர்த்தம்

சிஸ்கோவில் ட்ரங்க் என்றால் பல விலான் போகும் வழி. எச்பி புரோகேர்வ் வரிசையில் ட்ரங்க் என்றால் பல கேபிளை ஒன்றாகக் கட்டுவது, சிஸ்கோ ஈதர்சானல் என்று சொல்வது. அங்கே நமக்கு வேண்டியது 'டேக்ட்', 'அன்டேக்ட்' என்ற சொற்கள். சிஸ்கோவின் நேட்டிவ் விலான் எதுவோ அதை மற்றப் பக்கம் அன்டேக்ட் ஆக்குங்கள், மற்ற எல்லாவற்றையும் டேக்ட் ஆக்குங்கள், அவ்வளவுதான். மிகப் பழைய சிஸ்கோ சுவிட்சில் ஐஎஸ்எல் என்ற சொந்த முறை இருந்தால் அதை 802.1கியூவுக்கு மாற்றாமல் வேறு பிராண்டோடு சேராது. ஐஎஸ்எல் டேக்கைச் செருகுவதில்லை, முழு ஃபிரேமையும் 26 பைட் தலைப்பும் 4 பைட் வாலும் வைத்துச் சுற்றிக் கட்டுகிறது.

ஒரு வைஃபை பெயர் வேலை செய்கிறது, மற்றது இல்லை

அக்சஸ் பொயின்ட் செருகிய போர்ட்டும் ட்ரங்காக இருக்க வேண்டும். அதன் நிர்வாகம் டேக் இல்லாமல், ஒவ்வொரு வைஃபை பெயரும் தன் விலான் டேக்கோடு. விருந்தினர் வைஃபையில் இணைந்தவருக்கு முகவரி கிடைக்கவில்லை என்றால் அநேகமாக அந்தப் போர்ட்டில் அந்த எண் டேக்ட் ஆக இல்லை, முதலில் அங்கே பாருங்கள்.

கரண்ட் போய் வந்த பிறகு பழுதானது

சேமிக்கவில்லை. சிஸ்கோவில் 'ரைட் மெமரி', உலாவியில் அமைக்கும் சுவிட்சுகள் பலவற்றில் தனியாக ஒரு சேவ் பட்டன் இருக்கும், அப்ளை அழுத்தினால் மட்டும் போதாது.

விட்டு விட்டு வருகிறது

காலையில் சரி, மத்தியானம் இல்லை, வயரை ஆட்டினால் வருகிறது என்றால் தயவுசெய்து ட்ரங்க் கொன்ஃபிக்கில் கை வைக்காதீர்கள். விலான் பிழை எப்போதும் ஒரே மாதிரித்தான் வரும், பகலுக்கு ஒன்று இரவுக்கு ஒன்று என்று மாறாது. நம்முடைய ஊரில் கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் கட்டிடங்களில் ஆர்ஜே45 முனைகளின் செம்பில் உப்புக் காற்று பச்சை பிடிக்க வைத்துவிடுகிறது, வெளிச் சுவரில் உள்ள பெட்டிகளில் இன்னும் சீக்கிரம். போர்ட்டின் சிஆர்சி பிழை (சரிபார்ப்புத் தொகை பொருந்தாமல் வந்த ஃபிரேம்) எண்ணிக்கையைப் பாருங்கள், அரை மணி நேரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். கூடிக்கொண்டே போனால் முனையை வெட்டிப் புதிதாகக் கிறிம்ப் பண்ணுங்கள், மறுமுனையையும் அதே நாளில் பண்ணிவிடுங்கள்.